தேயாத பின் டயர்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே தூறல். ஆடிக் காற்று வேறு. மழைக்கோட்டு கிழிந்த இடத்தில் வீட்டுக்காரி திலகா டேப் ஒட்டிக் கொடுத்தாள். தளி தாண்டுவதற்குள் உரிந்துவிட்டது.

டயர் டெஸ்ட்டின் வழக்கமான சுற்று. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி இறக்கம், கொஞ்சம் மண் ரோடு, திரும்பி ராயக்கோட்டை, சானமாவு, கம்பெனி கேட். பைக்கின் பக்கப் பெட்டிகளில் மணல் மூட்டை. இந்த மாதிரி வண்டி வாங்குகிறவர்கள் கூடாரம், ஸ்டவ், துணிமணி எல்லாம் கட்டிக்கொண்டு மலை ஏறுவார்களாம். அந்தக் கனத்துக்கு ஈடாக மணல். நானும் மாதக்கணக்காக லடாக் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், அஞ்செட்டி வழியாக.

பின் டயர்: நடுவில் தேய்மானம், ஓரம் அப்படியே. பள்ளத்தின் அடியில் சின்னதாக ஒரு மேடு வைத்திருக்கிறார்கள். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் செத்தது, டெஸ்ட் முடிந்தது. தினமும் கிளம்பும் முன் சுண்டுவிரல் நகத்தைப் பள்ளத்தில் விட்டுப் பார்ப்பேன். இன்று நகத்தில் பாதிகூட முழுகவில்லை. ஆனாலும் மேடு தட்டவில்லை. பாவி டயர்.

அது முடிந்தால் எனக்கு விடுதலை. டெஸ்ட் இன்ஜினியர் அனிதா மேடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். "இந்த செட் முடியட்டும்ணா, உங்களை உள்ளே டயர் மாட்டுற செக்‌ஷனுக்கு எடுத்துக்கிறேன்." உள்ளே என்றால் கூரை, ஃபேன், உட்கார ஸ்டூல். பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. ஆரம்பித்தவன்தான் முடிக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொருத்தன் பிரேக் மிதிக்கிற விதம் வேறு, ஆள் மாறினால் தேய்மானம் மாறிவிடும்.

டாக்டர் இடுப்பு டிஸ்க் விலகியிருக்கிறது, வண்டியைத் தொடாதே என்கிறார். எனக்கும் டயருக்கும் யார் முதலில் தேய்வது என்று போட்டி. இப்போதைக்கு நான்தான் முன்னால்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை. இடது கால் மரத்துப்போகிறது, தேன்கனிக்கோட்டையிலிருந்தே.

டயரில் புதிதாக ஒரு ரீங்காரம். ரப்பர் கட்டைகளின் முன்விளிம்பு மழுங்கி, பின்விளிம்பு தூக்கி நிற்கிறது, அதனால். ஹெல்மெட்டுக்குள் நாள் முழுக்க வண்டு. அஞ்செட்டி வளைவில் ஈரத்தில் பின் சக்கரம் லேசாக நழுவியது, நான் ஒன்றும் செய்யாமலே தானாகப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு ஓடியும் இந்தப் பிடி. நல்ல டயர். அதுதான் வயிற்றெரிச்சல்.

சானமாவில் வனத்துறைக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். யானைகள் ரோட்டைத் தாண்டுகின்றன. காரில் இருந்த ஒருவர் போனில், "எஷ்டொத்து ஆகுத்தோ கொத்தில்லா" என்று, எவ்வளவு நேரமாகுமோ தெரியாதென்று, கன்னடத்தில் அலுத்துக்கொண்டார். நான் இறங்கி மைல்கல்லில் இடுப்பைச் சாய்த்து நின்றேன். பிள்ளையாரே, மெதுவாகவே போங்கள், அவசரமில்லை.

வாங்க: தைலம். டயரில் சிக்குகிற கல் நெம்ப ஸ்க்ரூ டிரைவர் (பழையது மழுங்கிவிட்டது). திலகாவுக்குத் தலைவலி மாத்திரை. மறந்தது: எல்லாம்.

ஆகஸ்ட் 6, புதன்

குனிய முடியவில்லை. திலகாதான் சாக்ஸ் மாட்டிவிட்டாள். "சொந்தக் காலுக்கு சாக்ஸ் மாட்ட முடியல, இந்தக் கால வச்சு கியர் போடப் போறீகளாக்கும்." அருப்புக்கோட்டையை விட்டு வந்து இத்தனை வருஷத்தில் அவள் நாக்குக்கு மட்டும் ஓசூர் தண்ணீர் ஒட்டவே இல்லை.

லீவு போடலாம். வண்டி நிற்கும். நிற்கிற வண்டியில் டயர் தேயாது.

தளி டீக்கடையில் முனிராஜ் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தளிக்காரன், வீட்டில் கன்னடம். பெயின்ட் ஷாப்பில் இருந்தவன், இந்த வருஷம்தான் ரைடராக வந்தான். அவன் வண்டியில் சாதாரண ரோட் டயர், எங்கள் டயரோடு ஒப்பிட. அதே சுற்று, அதே மணல்.

"அண்ணா, ரெண்டு நாளைக்கு என் வண்டிய நீங்க எடுங்க. அது மெத்து மெத்துனு போவும். உங்க வண்டிய நான் ஓட்டறன்."

"மேடத்துக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சீட்டுக் கிழியும்டா."

"ஹெல்மெட் போட்டா யாருக்கு இன்னா தெரியும்? கேட்டுக்கு முன்னாடி மாத்திக்கலாம்ணா."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சாவியை நீட்டிவிட்டேன். அவன் வண்டி தொட்டில் மாதிரி போனது. மண் ரோட்டில்கூட அழாமல் வந்தேன் என்று எழுதினால் யாரும் சிரிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில், காற்று. இன்றும் மாற்றி.

அஞ்செட்டி இறக்கத்தில் எனக்குப் பின்னால் எங்கேயோ கர்ர்ரென்று இழுக்கிற சத்தம். லாரி ஜல்லி கொட்டுகிறது என்று நினைத்தேன். கீழே காத்திருந்தபோது முனிராஜ் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தான்.

"என்னடா?"

"சனிக்கெழம தெரியும்ணா."

ராத்திரி மாத்திரை போடாமலே தூக்கம் வந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காது கிழிகிற சத்தத்தோடு பக்கத்து ஷெட்டில் ஷட்டர் வேலை. எங்கள் வண்டிகளுக்கு சர்வீஸ், ஓட்டம் இல்லை. இடுப்பு பரவாயில்லை. டயரைப் பார்க்கவில்லை. நாளைக்கு அளவெடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சோம்பல்.

உள்ளே போனால் முதலில் ஒரு நல்ல ஸ்டூல் கேட்க வேண்டும். முதுகு உள்ளதாக.

ஆகஸ்ட் 9, சனி

அளவெடுக்கிற நாள். சனிக்கிழமை காலை, டயர் ஆறியிருக்கும்போது, வெள்ளை பெயின்ட் வைத்த அதே இடங்களில் மேடம் ஆழம் பார்ப்பார்.

முதல் புள்ளியில் கருவியை வைத்தார். மேடு தட்டிவிட்டது. என் மனசு ஒரு கணம் ஸ்டூலில் போய் உட்கார்ந்தது. சக்கரத்தைச் சுற்றினார். அடுத்த புள்ளியில் ரப்பர் பழையபடி உயரமாக நின்றது. திரும்ப முதல் புள்ளி. உள்ளங்கையால் தடவினார். அந்த ஒரு இடம் மட்டும் சப்பை.

"பின் சக்கரம் சுத்தாம இழுபட்டிருக்கு. சக்கரம் பூட்டிக்காம தடுக்கிற ஏபிஎஸ்ஸும் ஆஃப்ல இருக்கு. என்னண்ணா, யானை ஏதாவது குறுக்க வந்துச்சா?"

முனிராஜைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் அந்தக் கர்ர்ர் புரிந்தது.

"ஆமா மேடம். சானமாவுல."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? அது போதும்." கருவியைத் துடைத்து உறையில் போட்டார். "ஆனா இந்த டயர் கணக்குல வராதுண்ணா. புது செட் போட்டு முதல்ல இருந்து ஓட்டணும். உள்ளே வர்றதும் அதுக்கப்புறம்தான். எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு."

ஷெட்டுக்குப் பின்னால் முனிராஜ். "சீக்கிரம் தேஞ்சா நீங்க உள்ள போயிடுவீங்கன்னுதான்ணா. ஏபிஎஸ்ஸ ஆஃப் பண்ணிட்டு எறக்கத்துல எல்லாம் பின் பிரேக்க மிதிச்சிக்கினே வந்தன். சுத்தி ஒரே மாதிரி தேயும்னு நெனச்சன்."

நின்ற சக்கரம் நின்ற இடத்தில்தானே தேயும் மடையா என்று கத்த வந்தது. ஓங்கி ஒன்று விடவும் கை வந்தது. ஆனால் அவன் கண் கலங்கி நிற்கிறான். இந்த ஊரில் என் இடுப்புக்காக யோசித்தவர்கள் திலகாவும் இவனும்தான். கோபத்தை வைக்க இடமில்லாமல் கேன்டீனுக்குப் போனேன். இட்லி தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மப்பு. திலகாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று இருந்தேன்.

"பாவம் அந்தப் பய. ஒரு நா சாப்பிடக் கூட்டிட்டு வாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "நெசமாவே யானை வந்திருந்தா, காலு கை ஒடஞ்சு வீட்டுலயாச்சும் கெடந்திருப்பீக" என்றாள். சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை, வெங்காயம் முடிந்த பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தூறல். புது செட் மாட்டியாகிவிட்டது. பளபளப்பு, மேலெல்லாம் ரப்பர் முடி. முதல் நாள் வழுக்கும், வளைவில் சாய்க்கக் கூடாது. மேடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெள்ளைப் புள்ளிகள் வைத்தார். பழைய டயர் குப்பைத் தொட்டி ஓரம் சாய்ந்து கிடக்கிறது. ஓய்வு அதற்கு.

பெட்டிக்கு மேலே காலைத் தூக்கிப் போட முடியவில்லை. முனிராஜ் வந்து, வண்டியை என் பக்கம் நன்றாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா..."

"வாயத் திறந்த, கொன்னுடுவேன். புதன்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வா."

ஏறும் முன் பழக்க தோஷத்தில் சுண்டுவிரலைப் பள்ளத்தில் விட்டேன். நகம் முழுசாக உள்ளே போனது.