உன் ஊர் பேஜாரு

நம் டெம்போவை வாங்க வந்தவரை நேற்றுக் காலை விரட்டிவிட்டேன்.

தேன்கனிக்கோட்டைக்காரர், தக்காளி போடுகிறவர். டயரைத் தட்டினார், அடியில் குனிந்து பார்த்தார், நியாயமான விலையும் சொன்னார். அதுவரை சரி. பிறகு ஏறி உட்கார்ந்து, கால் இடிக்கிறது என்று, ஸ்டியரிங்கை ஒட்டியே இருந்த உன் சீட்டைப் பின்னால் தள்ளினார். நீ குள்ளம்; இத்தனை வருஷம் அது நகர்ந்ததே இல்லை. கிறீச்சென்றது.

"சீட்டுல கை வைக்காதய்யா! வண்டி விக்கறதில்ல, கெளம்பு!"

"ஓட்டிப் பாக்க வேணாங்களா?" என்று கேட்டபடியே பாவம் இறங்கிப் போனார்.

வீட்டுக்காரி வெளியே வந்தாள். "அந்த ஆளு இன்னா தப்பு பண்ணாரு?"

யோசித்தேன். ஒன்றும் பண்ணவில்லை.

போன மழையில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். அதிலிருந்து எனக்கு இப்படித்தான். மண்டியில் கோபம், மூட்டை இறக்குகிறவர்கள் மேல் கோபம், சாம்பாரில் கோபம். பிரஷராக இருக்கும் என்று டாக்டரிடம் இழுத்துப் போனாள். பிரஷர் சரியாக இருந்தது. அதற்காக டாக்டர் மேலும் கோபம்.

வண்டியில் ஏறி, உன் பக்கத்தில் நான் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். கொத்தமல்லி வாடை இன்னும் போகவில்லை. தளியில் லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் வந்த ஒரு காலை ஞாபகம் வந்தது. முந்தின நாள்தான் உன் மகளைக் கனகபுராவுக்கு, புருஷன் வீட்டுக்கு அனுப்பியிருந்தாய். பாதி வழி வந்திருப்போம். "பேஜாரு, மொதலாளி" என்றாய். ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய வண்டியில் என்னை முதலாளி என்பது உன் கிண்டல்.

நான் ராணிப்பேட்டைப் பக்கத்து ஆள். எங்களுக்குப் பேஜார் என்றால் தொல்லை. "எவன்யா பேஜார் பண்ணது? பேரைச் சொல்லு, நான் பேசிக்கறேன்" என்றேன்.

நீ சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டாய், அது எந்தக் கண்ணீர் என்று நான் கேட்கவில்லை.

"உங்க ஊரு பேஜாரு வேற, மொதலாளி. எங்க கன்னடத்துல, யாரும் ஒண்ணும் பண்ணாமலே மனசுக்குக் கஷ்டமா வரும் பாரு, அதான் பேஜாரு. கோபம்னா எதிர்ல ஆளு வேணும். ஆளில்லாம வந்தா அது கோபமில்ல."

"சரி சரி, கியரைப் போடு, மார்க்கெட் முடிஞ்சிடும்" என்று சொல்லி நான் அதை அங்கேயே விட்டுவிட்டேன். விலை பேசும்போது எதிராளி எவ்வளவு இறங்கி வருவான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவேன். என் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

நேற்று பார்த்தேன். எதிரே ஆளில்லை. பக்கத்தில் காலி சீட்டுதான். "பேஜாரு" என்று வாய்விட்டுச் சொன்னேன். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. கத்த வேண்டும் போலிருந்தது மட்டும் நின்றது.

தேன்கனிக்கோட்டைக்காரருக்குப் போன் போட்டேன். வந்தவர் கேட்டைத் தாண்டவில்லை.

"இப்ப சீட்டத் தொடலாங்களா?"

அவர் கால் நீளத்துக்கு நானே அதைப் பின்னால் தள்ளிக் கொடுத்தேன்.

ஒன்றரை லட்சம், ஸ்டெப்னி சேர்த்து. பாதி கனகபுராவுக்குப் போகும். பேஜாரு சேர்த்தி இல்லை.