எண்பது கிலோமீற்றர்

இல்லை, என் அன்பு அப்பா, தரைவழியாக இல்லை. விமானத்தில்தான் கொண்டு போகிறார்கள்.

தங்கச்சிக்கு வயிற்றில் ஏழு மாதம். இன்று காலை இரத்தம் போகத் தொடங்கியிருக்கிறது. அவள் இருக்கும் வார்டோ என்ற ஊர், நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன்பிடித் தீவு. பிள்ளை பெறும் ஆசுப்பத்திரி கடலுக்கு அப்பால், கிர்கெனஸ் நகரில். வீதி கடலைச் சுற்றி வளைந்து போகிறது, மூன்று மடங்கு தூரம். அதனால் சின்ன அம்புலன்ஸ் விமானம். உங்கள் மருமகனுக்கு அதில் இடமில்லை. "ஏத்தியாச்சு அக்கா. காத்துத்தான் கடுமை" என்று ஓடுபாதையோரம் நின்று அறிவித்தார். பிறகு ஒன்றும் இல்லை.

தேடிப் பார்த்தேன். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே எண்பது கிலோமீற்றர் சொச்சம். பறக்கும் நேரம் இருபது நிமிடம். இருபத்தாறு ஆகிவிட்டது.

விமானத்தை நாங்கள் கீழேயிருந்து மட்டுமே அறிவோம், அப்பா. சத்தம் கேட்டால் எங்கள் இருவரையும் பதுங்குகுழிக்குள் தள்ளி, மேலே குப்புறப் படுப்பீர்கள். மேலே பறப்பவருக்காகப் பயப்பட ஒரு நாள் வருமென்று அப்போது யார் நினைத்தது?

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை.

"பிளேனிலயோ?" கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்பிடாதைங்கோ அம்மா. எண்பது கிலோமீற்றர்தான். எங்கட முறிகண்டியிலயிருந்து யாழ்ப்பாணம் போற தூரம்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"கொப்பர் போய்ச் சேந்தவரோ?"

உங்களைத்தான் சொன்னார், அப்பா. ஆறுதலுக்கு நான் சொன்ன தூரம் அது.

யாழ்ப்பாணத்துக்குப் போன அம்புலன்ஸில் நான்தான் உங்களோடு இருந்தேன். பரந்தனில் கேட்டீர்கள். "இன்னும் எவ்வளவு, பிள்ளை?" "கிட்டத்தான் அப்பா." பொய். ஆனையிறவில் கண்ணாடிக்கு வெளியே பார்த்தீர்கள். "ஏன் இப்பிடி வெள்ளையாக் கிடக்கு?" "உப்பு அப்பா." அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனையிறவைத் தாண்டவும் இல்லை.

மருமகன் அனுப்பிய படத்தில் ஓடுபாதை முழுக்க வெள்ளை. பனி. பனிதான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் படத்தை அழித்தேன்.

இன்னும் எவ்வளவு என்று அவளும் கேட்பாளா? எந்த மொழியில்? பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்வார்?

முப்பத்தொரு நிமிடம்.

இப்போது வந்தது. "இறங்கீட்டுதாம். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போயினம். வேற ஒண்டும் தெரியாது அக்கா."

எனக்கும் அவ்வளவுதான் தெரியும், அப்பா. குழந்தையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

இனி யார் கேட்டாலும் கிட்டத்தான் என்று சொல்ல மாட்டேன். எவ்வளவோ அவ்வளவைச் சொல்வேன். உங்களுக்கு அன்று சொல்லாததற்காக.

உங்கள் மூத்தவள்

எழுதி முடித்துக் குசினிக்குப் போனேன். "என்னவாம்?" என்றார் அம்மா. "பிளேன் இறங்கீட்டுது. பிள்ளையைப் பற்றி இன்னும் தெரியாது" என்றேன். பிறகு அவர் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தேன்.