இரண்டாவது தடவை கட்டிய பூ

தலை பின்னிவிடும்போதெல்லாம் நறுக்கென்று ஒரு குட்டும் சேர்த்து வைக்கும் என் ராசாத்தி அக்காவுக்கு,

நீ போய் ஆறு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உன்னிடம் மனசுக்குள் பேசியதோடு சரி. இன்று எழுதுகிறேன், அதுவும் எல்லோரும் படிக்கும்படி. நாம் இருவரும் சேர்ந்து ஊர் முழுக்கச் சொன்ன ஒரு பொய் இருக்கிறது அல்லவா? அதை ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் நாளைக் காலையில் நான் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் மார்பில் கட்டி, அக்கா. உனக்கு இடப்பக்கம், எனக்கு வலப்பக்கம். இதில்கூட உனக்குப் போட்டியாக வந்து நிற்கிறேன் பார். தேனியில் டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன்தான், தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாளைக்குப் போய்ச் சேர வேண்டும், மறுநாள் ஆபரேஷன். உத்தமபாளையம் கடையில் தைக்க வந்திருந்த துணிகளை எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க முடியவில்லை. அதை அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

டாக்டர் சொன்னதைக் கேட்டு வீடு திரும்பியதும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வியை நீயே சொல்லிவிடுவாய். ஆற்றங்கரைக் கோயிலுக்குப் போய் ஆத்தாவிடம் கேட்க வேண்டாமா என்றார். எந்தக் காரியத்துக்கு நாம் அவளிடம் கேட்காமல் இருந்திருக்கிறோம்? உன் கல்யாணத்துக்குக் கேட்டோம். தோட்டத்தில் போர் போடும் இடத்துக்குக் கேட்டோம். உன் மகள் கார்த்திகா பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுப்பது என்பதைக்கூட அவளிடம்தான் கேட்டோம். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலையில் மடித்து நாரால் கட்டி அவள் காலடியில் போட்டால், பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துத் தருவார். சிவப்பு வந்தால் செய். வெள்ளை வந்தால் நில்.

ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்க வேண்டும். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றைக்கு உன் ஆபரேஷனுக்காகக் கேட்கப் போனபோது நாம் இரண்டு பேர் மட்டும்தான். பூசாரி பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, வேறு யாரோ கூப்பிட்டார்கள் என்று வெளியே போனார். பிரித்தேன். சிவப்பு. பளிச்சென்று சிவப்பு. நீ பூவைப் பார்க்கவில்லை அக்கா, என் முகத்தைப் பார்த்தாய். அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனதையும் நான்தான் பார்த்தேன், துணி மூடி வெளியே கொண்டுவந்ததையும் நான்தான் பார்த்தேன். உன்னையும் அந்தக் கதவுக்குள் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. நார் சரியாகக் கட்டவில்லை, இலை விலகிப் பூசாரிக்கு நிறம் தெரிந்திருக்கும், இது செல்லாது என்றேன். நீயும் உடனே தலையாட்டினாய். யாராவது அப்படிச் சொல்லமாட்டார்களா என்றுதானே நீயும் காத்திருந்தாய்?

திரும்பவும் கட்டினேன். பூசாரி வரும்வரை பொறுக்காமல் நானே எடுத்தேன். வெள்ளை. நாம் இருவரும் சிரித்தோம். வெளியே வந்து டீ குடித்தோம். கேட்டவர்களிடம் எல்லாம் ஆத்தா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றோம். யார் எதிர்த்துப் பேசுவார்கள்? உனக்குப் பச்சிலை அரைத்துப் பற்றுப் போட்டதும் நான்தான். அடுத்த ஆடிக்கு நீ இல்லை.

உன் சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும், சாமி சொன்னபடி கேட்டாள், அதற்கு மேல் விதி என்று பேசினார்கள். நான் ஒரு மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகையை அடக்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

போன வெள்ளிக்கிழமை உச்சிப் பூசைக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். நான், என் வீட்டுக்காரர், கார்த்திகா. அவள் இப்போது தேனியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அத்தான் ஏலத்தோட்டத்து வேலைக்கு மலையேறிப் போனால் மாதத்துக்கு ஒருமுறைதான் இறங்கி வருகிறார் என்பதால், நீ போனதிலிருந்து அவள் என்னோடுதான் இருக்கிறாள். இந்தத் தடவை எது வந்தாலும் முதலில் வருவதுதான் என்று நான் மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டு போனேன். ஆத்தா பழசை மன்னித்துச் சிவப்பைத் தருவாள் என்று ஒரு நினைப்பு. உன்னிடம் மறைப்பானேன், உறுதியாகவே நம்பினேன்.

பூசாரியே எடுத்தார், பூசாரியே பிரித்தார். வெள்ளை.

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "விட்ருவோம் செல்வி. ஆத்தா வேண்டாங்கிறா. மீறிப் போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நான் என்ன செய்வேன்?" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. பூசாரி என் முகத்தைப் பார்த்தார். நல்ல மனுஷன். அருகில் வந்து மெதுவாக, "வேணும்னா இன்னொரு தடவ கட்டிப் பாப்பமா தாயி?" என்றார்.

அக்கா, அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆசையை என்ன சொல்ல. கை நீட்டினால் போதும். இன்னொரு தடவை, வராவிட்டால் மற்றொரு தடவை, எப்படியும் சிவப்பு வந்துவிடும். என் வீட்டுக்காரர் சந்தோஷமாக என்னை அனுப்பிவைப்பார். ஊரும் வாழ்த்தும். நம் வீட்டுக் காரியங்களில் இதற்கு முன்னால் எத்தனை பூ இப்படி இரண்டாவது தடவை கட்டிய பூவோ, யார் கண்டது? எப்போதும் நமக்குப் பிடித்ததையே ஆத்தா சொன்னாளே, அது உனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லையா?

"வேணாம்ணே. ரெண்டாவது தடவ கட்டி என் அக்காளக் கொன்னவ நான்" என்று சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. பிறகு அவள் சன்னதியில் நின்றபடியே முதலில் வந்த சிவப்பு, நாரின் மேல் நான் போட்ட பழி, நானே எடுத்த வெள்ளை எல்லாவற்றையும் சொன்னேன். பூசாரி தலை குனிந்துகொண்டார். உன் மகள் எழுந்து வெளியே போய் ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டாள்.

அப்புறம் நான் ஆத்தாவிடம் பேசினேன். கும்பிடவில்லை, பேசினேன். வெள்ளைப் பூவைக் கண்டதும் எனக்கு வந்தது பயமல்ல, கோபம். அன்று உனக்கு வெள்ளை வந்தபோது நிம்மதியாக இருந்ததே, இன்று ஏன் இப்படிக் கொதிக்கிறது? போ என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது யார்? நானா, அவளா? இத்தனை வயசுக்கு மேலும் எனக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. "ஆத்தா, நீ சிவப்பக் குடுத்தப்ப நாங்க போகல. இப்ப வெள்ளையக் குடுக்குற, நான் போறேன். கோவம்னா வந்தப்பறம் வச்சுக்கிருவோம். இப்பக் கூட வா" என்றேன். என் வீட்டுக்காரர் மிரண்டு போய் என்னைப் பார்த்தார். அவளிடம் அப்படிப் பேசலாமா என்று நீயும் கேட்பாய். வேறு யாரிடம் பேசுவது?

திரும்பும்போது பஸ்ஸில் கார்த்திகா முன் சீட்டில் உட்கார்ந்தாள், திரும்பியே பார்க்கவில்லை. வீட்டில் நான்கு நாள் என்னோடு பேச்சில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், வேலைக்குப் போனாள். உன் கோபம் அப்படியே இருக்கிறது அவளுக்கு. அந்த நான்கு நாளும் எனக்குக் கட்டியைப் பற்றிய நினைப்பே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் சாப்பிடும்போது ஒருமுறை, நீ போறதுன்னா நானும் வர்றேன் என்றார். அவர் அளவுக்கு அது பெரிய பேச்சு.

இன்று மத்தியானம் கார்த்திகா என் கடைக்கு வந்தாள். ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் வரிசையாக ஒரு ஃபைலில் அடுக்கி எடுத்து வந்திருந்தாள். மருந்துக்கடையில் ஒரு வாரம் லீவு சொல்லியாயிற்று என்றாள். என் தையல் மெஷின் மேல் ஃபைலை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "உங்கள மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீக சித்தி. எனக்கு அம்மா வேணும், அது இப்ப முடியாது. ஆனா நாளைக்கு நீங்க பஸ்ஸேறலன்னா, செத்தாலும் ஒங்கள மன்னிக்க மாட்டேன்."

நான் அழுதேன். அவளும் அழுதாள், ஆனால் என்னைத் தொடவில்லை. அதுவும் சரிதான். நான் அவளுக்குச் செய்ததற்கு நான்கு நாளில் ஆறுதல் வந்துவிடுமா?

எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. அம்மா போன கதவு அது. நீ போயிருக்க வேண்டிய கதவு. ஆத்தா கூட வருகிறாளா என்று தெரியாமல்தான் போகிறேன். வருவாள் என்று வைத்துக்கொண்டுதான் போகிறேன். நம்புவது என்றால் இதுதானா? இதை உன்னிடம் அன்றைக்கே கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

ஒன்றுக்கு மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். பிழைத்து வந்தாலும் சரி, உன்னிடமே வந்து சேர்ந்தாலும் சரி, இந்த முடிவை ஆத்தாவின் தலையில் போட மாட்டேன். என்னைப் போகச் சொன்னது யார் என்று யார் கேட்டாலும், நான்தான் போனேன் என்று சொல்வேன். உன்னைப் போகவிடாமல் செய்தது யார் என்று உன் மகள் எத்தனை தடவை கேட்டாலும், நான்தான் என்று அத்தனை தடவையும் சொல்வேன்.

நாளைக்கு உன் மகளோடு மதுரைக்குப் பஸ் ஏறும்,
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
செல்வி