கண்ணாடிக்குப் பழகிய நாட்கள்

6-7-81, திங்கள்
மதுரையிலிருந்து என் வீட்டுக்காரருடைய கண்ணாடி வந்துவிட்டது. சித்திரையில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள்; இடது கண் முன்பே மங்கல். இத்தனை நாளும் சோறு பிசைந்து கொடுத்து, கைபிடித்துக் குளிக்கக் கூட்டிப்போய், பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஓடி... இன்றோடு தீரும் என்று நினைத்தேன். சோடாபுட்டி மாதிரி கனம். மாட்டியதும் என்னையே ரொம்ப நேரம் பார்த்தார்.
"ஏட்டி, இம்புட்டு நரைச்சிட்டா உனக்கு?"
நான் காபி போடப் போய்விட்டேன்.

7-7-81
டம்ளரைப் பிடிக்க நீட்டிய கை காற்றைப் பிடித்தது. காபி முழுக்க வேட்டியில். துடைத்தேன்.

9-7-81
பத்தாம் வகுப்புக்கு ஒளிவிலகல். டம்ளர் தண்ணீரில் பென்சிலைச் சாய்த்து வைத்ததும், "டீச்சர், பென்சில் ஒடிஞ்சிட்டு" என்று சிரித்தார்கள். தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளியின் வேகம் மாறுகிறது, சாய்வாக வரும் கதிர் திசை திரும்புகிறது. வருடா வருடம் சொல்லும் அதே வாக்கியம். சொல்லும்போதே வீட்டு நினைப்பு. இவர் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பிக்கொண்டிருந்த வில்லையை எடுத்துவிட்டார்கள். அந்த வேலையை இப்போது வெளியே ஒரு கண்ணாடித் துண்டு செய்கிறது. கண்ணைவிட்டுச் சற்று முன்னால் இருப்பதால் எல்லாம் பெரிதாக, பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி தெரிகிறது.
வீட்டுக்கு வந்து சொன்னேன்.
"எனக்குப் பாடம் நடத்தாத" என்றார்.

13-7-81, திங்கள்
வாசல்படியில் விழுந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு. கண்ணாடியைக் கழற்றி எறிந்தார். நல்லவேளை, துவைக்கப் போட்டிருந்த துணிமேல் விழுந்தது.
"நெலவாசல் வளைஞ்சு நிக்கி. ஓரத்துல ஆளே இல்ல, திடீர்னு ஒருத்தன் முளைக்கான். இத மாட்டிக்கிட்டு குருவிகுளம் ஆபீசுக்கு பஸ் ஏறவா? வேலைய வேண்டாம்னு எழுதிக் குடுத்திருதேன்."
எனக்கும் வாய் வந்துவிட்டது.
"குடுங்க. நானும் எழுதிக் குடுத்துட்டு வாரேன். ரெண்டு பேரும் இங்கனயே உக்காந்திருப்போம்."
அவர் பாவம்தான். நான் பாவமில்லையா? அலுத்துப்போச்சு. யாருகிட்டப் போய்ச் சொல்ல?

14-7-81
கால் கடுக்கிறது. எழுத ஒன்றுமில்லை.

18-7-81, சனி
இவர் தூங்கும்போது அந்தக் கண்ணாடியை எடுத்து, பேப்பருக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். நடுவில் வரிகள் நேராக இருந்தன. ஓரத்துக்குப் போகப் போக வில்லாக வளைந்தன. அப்படியானால் படுத்துவது ஓரம்தான். படியைப் பார்க்க இவர் கண்ணை மட்டும் கீழே இறக்குகிறார், பார்வை ஓரம் வழியாகப் போகிறது. இது எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை?
எழுந்ததும் பாடம் நடத்தவில்லை. "கண்ண மட்டும் உருட்டாதீங்க. தலையோட குனிஞ்சு பாருங்க" என்றேன், அவ்வளவுதான்.
முறைத்தார். பிறகு வாசல்படியில் இறங்கினார். ஏறினார். மறுபடி இறங்கினார்.
"கோழி மாதிரி தலைய ஆட்டணுமாக்கும்."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

26-7-81, ஞாயிறு
பின்புறம் துவைகல்லில் டம்ளரை வைத்துச் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிப் பழகுகிறார். பாதி கல்லில்தான். தெருக் குழாயில் தண்ணீர் பிடித்தது நான், கொட்டியது இவர். இடுப்பு விட்டுப்போகிறது.

3-8-81, திங்கள்
இவரோடு வேலை பார்க்கும் சங்கரபாண்டியன் காலையில் வந்து, "அண்ணாச்சி, பஸ்ஸுக்கு நான் கூட வாரேன்" என்றார்.
"வேண்டாம்வே. நீரு முன்ன போம், நான் பின்னால வாரேன்."
தனியாகப் போனார். எனக்கு வகுப்பில் புத்தி நிற்கவில்லை. பிள்ளைகள் கேட்டதற்கு என்ன சொன்னேனோ தெரியாது. வீட்டுக்கு வந்தால், சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஆபீசுல எல்லாரும் பெரிய ஆளாத் தெரியுதானுவ" என்றார்.

14-8-81, வெள்ளி
பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேலைகூட மாற்றாமல் பாயில் சாய்ந்தேன். கண்விழித்தபோது விளக்கு வைக்கும் நேரம் தாண்டியிருந்தது. யாரும் எழுப்பவில்லை. என்மேல் போர்வை கிடந்தது. அடுக்களையில் இவர் ஸ்டவ்வைப் பம்ப் அடிக்கும் சத்தம். எழுந்து போகலாம் என்று கையை ஊன்றினேன். போகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.