இடம் கிடைத்தது, பிள்ளை திரும்பி வந்துவிட்டாள்

சாய்ந்தமருது
15.05.1982

ஜித்தாவில் இருக்கும் மருமகன் றஸாக்குக்கு மாமி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் காவலில் நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே ஒருவருக்கும் காய்ச்சல், தலையிடி இல்லை. சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. பெட்டைக் கன்று. என் மகள் நபீலாவும் உங்களுக்கு எழுதுவாள். அவள் எழுதினால் எல்லாவற்றையும் பூசி மெழுகி எழுதுவாள் என்பதால் இந்தச் சங்கதியை நானே எழுதுகிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் ஸுல்பிகாவுக்கு நீங்கள் ஆசைப்பட்ட கொழும்புப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்க இடம் கிடைத்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லாமல், வேண்டும் என்றும் சொல்லாமல், பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மாதம் முடிவதற்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். கோபப்படாமல் கடைசிவரை வாசியுங்கள்.

நீங்கள் எழுதியபடியே மட்டக்களப்பு ஸ்டேசனில் கோச்சி ஏறிப் போனோம். தெமட்டகொடையில் உங்கள் ராத்தா சுபைறா வீட்டில் தங்கினோம். உங்கள் கல்யாணத்தன்று நான் கிண்டிய தொதலை வாயில் போட்டுவிட்டு, "இதக் கடிக்க மாப்பிள்ளைக்கு வேற பல்லுக் கட்டோணும்" என்று சபையில் சொன்ன அதே சுபைறாதான். நான் மறந்திருப்பேன் என்று நினைத்திருக்கிறார். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். எங்களை நன்றாகக் கவனித்தார். குறை சொல்ல எவ்வளவோ தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் போய்விட்டது.

பள்ளிக்கூடம் அரண்மனை மாதிரி. ஆய்வுகூடத்தைக் காட்டினார்கள். ஆளுக்கொரு நுணுக்குக்காட்டி. ஸுல்பிகா ஒன்றில் கண்ணை வைத்தவள் எடுக்கவேயில்லை. வெங்காயத் தோலுக்குள் வீடு வீடாகக் கட்டியிருக்கிறது என்று என்னையும் பார்க்கச் சொன்னாள். நானும் பார்த்தேன். உண்மைதான். அந்த நேரத்தில் என் மனதும் கொழும்புப் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதை உங்களுக்கு மறைக்கவில்லை.

அதிபர் பிள்ளையின் பெறுபேற்றைப் பார்த்து இடம் தருகிறோம் என்றார். வெளியே வராந்தாவில் மாளிகாவத்தை இரும்புக்கடைக்காரர் ஒருவர் தன் மகளோடு நின்றார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அம்பாறைப் பக்கமா? அங்கேந்து ஏன் உம்மா புள்ளய இங்க கொணந்தீங்க? என்ட மகள அங்க கொண்டுபோய்ச் சேர்க்க நான் ஊடு தேடித் திரியிறேன். உங்கட ஊட்டுல ஒரு அறை ஈக்கா?" என்று கேட்டார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் விளக்கமாகச் சொன்னார். எந்த மாவட்டத்தில் படித்துச் சோதனை எழுதுகிறார்களோ அந்த மாவட்டத்துப் பிள்ளைகளோடுதான் பல்கலைக்கழகத்துக்குப் போட்டியாம். கொழும்பில் கெட்டிக்காரர் கூட்டம். அங்கே வீட்டில் உட்கார வைக்கிற புள்ளி, பின்தங்கிய மாவட்டம் என்று சலுகை உள்ள நம்முடைய பக்கத்தில் டொக்டராக்கிவிடுமாம். நான் திரும்ப உள்ளே போய் ஒரு டீச்சரிடம் கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டு, "ஓம் உம்மா, அவர் சொல்றது சரிதான்" என்றார்.

கடைக்காரருக்கு அறை கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நம்முடைய பக்கத்துக்குச் சலுகை தந்திருப்பது ஆய்வுகூடம் இல்லை, வாத்தியார் இல்லை என்பதற்காக. எல்லாம் உள்ளவர் வந்து அதையும் அள்ளிக்கொண்டு போனால் மாவடிப்பள்ளியில் குப்பி விளக்கில் படிக்கிற பிள்ளை எங்கே போகும்?

இதை வீட்டுக்கு வந்து சொன்னேன். சுபைறா காது கொடுத்துக் கேட்டார். விடிந்ததும் ஆப்பத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "மாமி, நம்மட மசூரையும் உங்களோட கூட்டிப் போங்களேன். அவன் சத்தமில்லாத பிள்ளை" என்றார். மகனை ஊருக்கு அனுப்பச் சொன்னால் நுளம்பு கடிக்கும், தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று வருடம் வருடமாகச் சாட்டுச் சொன்னவர்! நான் ஆப்பத்தைச் சாப்பிட்டு முடித்தேன். கையைக் கழுவினேன். பிறகு, "லீவுக்கு அனுப்புகா, எருமைத் தயிரும் சோறும் போடுறன். இடம் பிடிக்க மட்டும் அனுப்பாத. ஆரோ ஒரு ஏழைப் பிள்ளைட இடம் அது" என்றேன். கோபிப்பார் என்று பார்த்தால் சிரித்துவிட்டார். "மாமி, நீங்க எனக்கு அந்தத் தொதலத்தானே திருப்பித் தாறீங்க?" என்றார். அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது! இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அதற்காகக் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று அவருக்கு எழுதிவிடாதீர்கள்.

பிள்ளையை நான் பிடித்து இழுத்து வந்தேன் என்று நினைக்க வேண்டாம். கோச்சியில் வெலிக்கந்தை தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். பிறகு தானாகவே, "உம்மம்மா, அங்க இருந்தா நான் நல்லாப் படிப்பன். இங்க இருந்தா டொக்டராகுவன். எனக்கு டொக்டராகத்தான் விருப்பம்" என்றாள்.

நம்முடைய பள்ளிக்கூடத்தில் இரசாயனத்துக்கு ஆள் இல்லை என்பது உங்கள் கவலை. அது நியாயம். காரைதீவு மாஸ்டர் ஒருவர் பின்னேரம் சைக்கிளில் வந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊரில் இன்னும் ஆறேழு பிள்ளைகள் சேருகிறார்கள். படிப்பு நடப்பது நம்முடைய மண்டபத்தில்தான். கரும்பலகைக்கு நெல்லுப் பெட்டகத்தின் பழைய கதவைக் கழற்றிக் கறுப்புப் பூசியிருக்கிறேன். பெட்டகம் திறந்து கிடக்கிறது. எலி வந்தால் வரட்டும்.

இன்னொரு சிக்கல். இடம் கிடைத்தால் கடற்கரைப் பள்ளிவாசலில் நார்சாச் சோறு கொடுப்பதாக நீங்கள் நேர்ந்திருந்தீர்கள். பிள்ளை போகக் கூடாது என்று அதே பள்ளியில் நானும் நேர்ந்திருந்தேன். உங்களுடையது கபூலாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை உங்கள் பேரில் சோறு ஆக்கிக் கொடுத்துவிட்டோம். என்னுடையது உங்கள் கையில் இருக்கிறது. பள்ளிவாசல் லெப்பையிடம் சொன்னபோது, "மாமியும் மருமகனும் முதல்ல ஒரு பேச்சுக்கு வாங்க" என்று சிரிக்கிறார்.

உங்களோடு வேலை செய்பவர்களிடம் மகள் கொழும்பில் படிக்கப் போகிறாள் என்று சொல்லிவிட்டீர்கள் என்று நபீலா சொன்னாள். சொன்னதை மாற்றுவது ஆம்பிளைக்குக் கஷ்டம்தான். ஆனால் ஒன்றைக் கேளுங்கள். நபீலாவை ஏழாம் வகுப்போடு யார் நிறுத்தச் சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். படித்த பெண் மாமியாரை மதிக்காது என்று உங்கள் உம்மா சொல்லியனுப்பினார். அல்லாஹ் அவருடைய கப்றை வெளிச்சமாக்கட்டும். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

இப்போது சுபஹுத் தொழுகை முடிய ஸுல்பிகா சத்தம் போட்டுப் படிக்கிறாள். நபீலா தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிறாள். அடுப்படி வேலை கிடந்தாலும் எழும்புவதில்லை. மகள் சொல்லச் சொல்ல இவளுடைய வாயும் அசைகிறது. நான் பார்ப்பது தெரிந்தால் முந்தானையால் மூடிக்கொள்கிறாள்.

மருமகன், பிள்ளை இங்கே படிக்க ஓம் என்று ஒரு தந்தி அடியுங்கள். மனம் வரவில்லை என்றால் லீவு எடுத்துக்கொண்டு நீங்களே வாருங்கள். ஒரு சுபஹுக்குப் பிறகு, செருப்புச் சத்தம் கேட்காமல் வந்து வாசலில் நில்லுங்கள். அந்த இரண்டு பேரையும் பார்த்த பிறகு எங்கே அனுப்பச் சொன்னாலும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

றப்பு உங்கள் உழைப்பில் பறக்கத்தைத் தரட்டும். உங்களைச் சுகமாக வீட்டு வாசலில் கொண்டுவந்து விடட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் மாமி மைமூனா