தரைக்கு அடியில் ஒரு கோத்தகிரி

மே 6, செவ்வாய். சென்னை.

வெயில். சாதாரண வெயில் அல்ல. சூரியனே இந்த அபார்ட்மெண்டின் மொட்டைமாடிக்கு வாடகைக்கு வந்துவிட்டது. என் ஒருவன் வியர்வையைத் தேக்கினால் பைக்காராவில் இன்னொரு பவர் ஹவுஸ் ஓட்டலாம்.

வேலைகள்: அக்காவுக்குக் கஞ்சி. மாத்திரை. பத்து மணிக்குள் ஆஸ்பத்திரி. மனைவிக்கு போன் (கடையில் எலித்தொல்லை).

கீழ் கோத்தகிரியின் மளிகைச் சக்கரவர்த்தியாகிய நான் சிம்மாசனத்தை மனைவியிடம் விட்டுவிட்டு இங்கே வந்து மூன்று வாரம். எல்லாம் பாக்கியம் அக்காவுக்காக. எஸ்டேட்டில் ஆயுசு முழுக்கக் கொழுந்து கிள்ளியவள். இப்போது நுரையீரலில் கட்டி. தினமும் கரண்ட் வைக்கிறார்கள். கதிர் வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அதுதான் பெயர். தங்கல் அவள் மகன் குமரேசன் வீட்டில்; அவனும் மனைவியும் ஆபீஸ் போகிறவர்கள். இனி அவன் கு. முழுப்பெயர் எழுதப் பேனா வழுக்குகிறது.

ஆட்டோ குலுங்கினால் அக்காவுக்கு இருமல். ஆகவே மெட்ரோ.

இன்று திரும்பும்போது சுரங்க ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பையைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் மட்டும் சளைத்தவனா? குரங்குக் குல்லாவை மாட்டினேன். மே மாதத்தில். பிளாட்பாரம் மொத்தமும் எங்களைத்தான் பார்த்தது.

“என்னடா வேலு, நம்மூருக் குளிரு இங்க வந்து கெடக்குது?”

“ஒளிச்சு வெச்சிருக்காங்கக்கா. மேல விட்டா ஆளாளுக்கு அள்ளிட்டுப் போயிருவாங்க.”

சிரித்தாள். உடனே இருமல். இருமிவிட்டு மறுபடியும் சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

மே 7, புதன்.

அதே வெயில். ஆஸ்பத்திரி முடிந்ததும் அக்காவே கேட்டாள்: “அந்தக் குளுகுளு எடத்துக்குப் போலாமாடா?”

அவள் கண்ணை மூடியிருந்த நேரத்தில் நான் ஸ்டேஷன் ஆராய்ச்சி. அரசாங்கம் என்னைக் கேட்கவில்லை. கேட்காதது அரசாங்கத்தின் நஷ்டம்.

லிஃப்ட் இருக்கிறது, வாழ்க. ஆனால் வாசலிலிருந்து அதைக் கண்டுபிடிக்க ஒரு படையெடுப்பு வேண்டும். கழிவறை எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தைவிடச் சுத்தம். இருப்பதோ அந்தக் கோடியில். மூச்சு வாங்குகிறவளுக்கு அது ஓவேலி மலைக்கு நடப்பது மாதிரி. பெஞ்சுகள் எஃகு, முதுகு சாய இடமில்லை. செய்தவனுக்கு முதுகே கிடையாது போல. டிக்கெட் கதவுக்கு வெளியே உட்கார ஒன்றுமே இல்லை. அது ஏன்? வழியனுப்ப வந்தவனுக்குக் கால் வலிக்காதா? கண் தெரியாதவர்களுக்குத் தரையில் மஞ்சள் பட்டை: இதை யோசித்தவன் எவனோ, அவன் காலைத் தொடலாம். ஒலிபெருக்கி அம்மாள் ஒரு தடவைகூட எரிந்து விழுவதில்லை. எங்கள் கண்டக்டர்களை அவளிடம் பாடம் படிக்க அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிது இது. வண்டியைத் தவறவிடலாம். கீழ் கோத்தகிரியில் ஒரு பஸ் போய்விட்டால், அடுத்த பஸ் வருவதற்குள் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும். இங்கே ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று. விட்டவனை யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை.

செக்யூரிட்டிப் பெண் வந்தாள். “தாத்தா, இன்னா இது, இங்கயே குந்திகினு கீறீங்க? ரொம்ப நேரம் இருக்கக் கூடாது.”

தாத்தாவாம்! அறுபத்து மூன்று வயது வாலிபனை!

நான் போர் முழக்கம் செய்வதற்குள் அக்கா: “ஏனுங்க அம்மணி, கொஞ்ச நேரம் இருந்துக்கறமுங்க. நாங்க மலைக்காரங்க. மேல போனா வெந்துருவமுங்க.”

அந்தப் பெண் ஸ்வெட்டரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிப் பையைப் பார்த்தாள். “சரிம்மா, நான் பாக்கல” என்று போனாள். பெஞ்சு, லிஃப்ட் எல்லாவற்றையும்விட ஒரு ஸ்டேஷனுக்கு அந்த மாதிரி ஆள் வேண்டும்.

மே 9, வெள்ளி.

நேற்று எழுதவில்லை. அக்காவுக்கு ஒரே வாந்தி.

இன்று டாக்டர் கு.வையும் என்னையும் தனியே கூப்பிட்டார். கட்டி சுருங்கவில்லை. இன்னொரு சுற்று வைத்துப் பார்க்கலாம். குணமாகும் என்று தன்னால் சொல்ல முடியாது. கு. யோசிக்கவே இல்லை. “வைங்க சார்.”

அவன் ஆபீசுக்குப் போய்விட்டான். நாங்கள் ஸ்டேஷனுக்கு. அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“எனக்குப் போதும்டா வேலு. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு.”

“உம் பையங்கிட்டச் சொல்லேன்.”

“வாய் வரமாட்டேங்குதுடா. அவன் பாக்கற பார்வை அப்பிடி. நீ சொல்லு.”

என்னிடம் போய்! உலக வரலாற்றில் இப்படி ஒரு தூதனை யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் பால்கனியில் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டான்.

“மாமா, போன வருஷம் சிறுத்தை உங்க கடைக்கு வந்து பன்னு கேட்டுச்சுன்னு சொன்னவருதானே நீங்க?”

“கேட்டுச்சு மாப்ளே. தேங்காய் பன்னு.”

“அம்மா அப்பிடியெல்லாம் சொல்ல மாட்டாங்க. உங்களுக்குக் கடை ஞாபகம் வந்திருச்சு. போறதுன்னா நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்.”

தேங்காய் பன்னைச் சேர்த்திருக்கக் கூடாது. பழக்கதோஷம். வாய் முந்திக்கொண்டது.

சாப்பிடவில்லை. புழுக்கம் என்று சொல்லிவிட்டேன்.

மே 12, திங்கள்.

மேகமூட்டம். மழைக்கு மட்டும் மனசில்லை.

புதுச் சுற்று ஆரம்பம். கு. அரை நாள் லீவு போட்டுக் கூடவே வந்தான். என்னோடு பேச்சுக் குறைவு. ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, அக்காவைக் கைத்தாங்கலாக ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தோம்.

அதே பெஞ்சு. ஸ்வெட்டர். அவளுக்குப் பட்டன் போட வரவில்லை. கு. குனிந்து போட்டுவிட்டான்.

வண்டி வந்தது. “வாங்கம்மா.”

“அடுத்த வண்டில போலாம் சாமி.”

அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்தது வந்தது.

“அம்மா.”

“கூட்டமா இருக்குது. அடுத்ததுல போலாம்.”

கூட்டமே இல்லை. வண்டி காலியாகப் போயிற்று. அவன் போனைப் பையில் போட்டான். அதற்கடுத்த வண்டிக்கு அவன் கூப்பிடவே இல்லை. அக்கா கண்ணை மூடிப் பக்கத்துத் தூணில் தலையைச் சாய்த்திருந்தாள். முகத்தில் ஒரு அமைதி. கு. வீட்டில் ஒரு நாள்கூட நான் அதைப் பார்த்ததில்லை. அவனும் பார்த்திருக்க மாட்டான்.

“தினமும் இப்பிடித்தானா மாமா?” மெதுவாகக் கேட்டான்.

“தினமும்தான்.”

“ஏன் இங்க வர்றாங்க?”

“நம்மூரு மாதிரி இருக்குதாம்.”

இதற்கு மேல் அலங்காரம் எதுவும் எனக்கு வரவில்லை. இன்னொரு வண்டி வந்தது, கதவு திறந்தது, ஒலிபெருக்கி அம்மாள் அறிவித்தாள், கதவு மூடியது. கு. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அம்மா, கோத்தகிரி போலாமா?”

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. “உனக்கு லீவு கெடைக்குமா சாமி?”

நான் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த மெட்ரோ வழிப்படத்தை வெகுநேரம் படித்தேன். எந்தெந்த ஸ்டேஷன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

மே 15, வியாழன். கீழ் கோத்தகிரி.

மூடுபனி. மேட்டுப்பாளையம் வரை ரயில், அங்கிருந்து டாக்ஸி. மலை ஏற ஆரம்பித்ததும் அக்கா கண்ணாடியை இறக்கச் சொன்னாள். சில்லென்று அடித்தது. கு. “சளி புடிக்கும்மா” என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே என்னவோ போலாகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அக்கா வீட்டைத் திறந்து, பெருக்கி, கட்டிலை ஜன்னலோரம் போட்டாயிற்று. டாக்டர் கொடுத்த வலி மாத்திரை, மருந்து எல்லாம் அலமாரியில். அக்கம்பக்கத்தார் வரிசையாக வந்து பார்த்தார்கள். அக்கா எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்தாள். இரண்டு இட்லி சாப்பிட்டாள். இரண்டு!

“வலி எப்பிடீம்மா இருக்குது?”

“ஊட்டுக்கு வந்ததும் பாதி போயிருச்சு சாமி.”

கு. வாசலில் நின்று தன் மனைவிக்கு போன்: “நம்ப மாட்ட, அம்மா எந்திரிச்சு உக்காந்து பேசறாங்க.”

ஊருக்குள் கொஞ்சம் பெருமையடித்துவிட்டு வந்தேன். எங்கள் மலைக்காற்றுக்கு முன்னால் மெட்ரோ குளிரெல்லாம் வெறும் விசிறி என்று. கடையில் எலி இரண்டு மூட்டைக் கடலையைத் தின்றிருக்கிறது. எலி அல்ல, யானைக்குட்டியாக இருக்க வேண்டும்.

மே 17, சனி.

மழை. கு. நாள் முழுக்க அக்கா பக்கத்தில். அவனுடைய பள்ளிக்கூடக் கதை எல்லாம் பேசிச் சிரித்தார்கள். அக்கா சிரிக்கும்போது கம்பளிக்கு அடியில் கை கட்டிலின் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். தலையை லேசாக ஆட்டினாள், சொல்லாதே என்று.

சொல்லவில்லை.

மே 18, ஞாயிறு.

மழை விடவில்லை. கு.வுக்கு லீவு முடிந்தது. மதிய பஸ். குடை பிடித்துக்கொண்டு நான் வழியனுப்பப் போனேன். எங்கள் பஸ் ஸ்டாப் என்பது ஒரு சில்வர் ஓக் மரமும் அதில் அடித்த தகரமும். அவ்வளவுதான்.

“மாமா, ஒரு மாசத்துல திரும்ப வர்றேன். அதுக்குள்ள அம்மா நடக்க ஆரம்பிச்சுருவாங்க, இல்லீங்களா?”

“நடக்கறதா! வர்றப்ப உன்னத் தூக்கி இடுப்புல வெச்சுக்குவா பாரு.”

சிரித்தான். ஏறினான். பஸ் போயிற்று.

திரும்பி வந்தேன். அக்கா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மாத்திரை கொடுத்தேன். விழுங்கினாள்.

“பஸ்ஸு போயிருச்சாடா?”

“போயிருச்சுக்கா.”

“நல்லாப் பாத்தியா? ஏறிட்டானா?”

“ஏறிட்டான். ஜன்னல் சீட்டு.”

“கதவச் சாத்திட்டு வா.”

சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

“இனி கத்திக்கலாமாடா வேலு?”

“கத்திக்கக்கா.”

கத்தினாள். தகரக் கூரைமேல் நல்ல மழை. அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.