முதுகில் இரண்டு கிளிகள்

ஏனுங்க,

கையில் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவியும் ஆயிற்று. பசை வாசம் போவேனா என்கிறது. காலையில் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனால், காபிக்கு முன்னால் அதுதான் மூக்கில் ஏறுகிறது. சூடு பட்ட ஸ்டிக்கரின் வாசம். உங்கள் சட்டையில், தலையணை உறையில், பைக் சாவியில்கூட இருந்த வாசம். கல்யாணமான புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு உங்களைக் குளிக்கத் துரத்துவேன். இப்போது என் விரலை நானே முகர்ந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கிட்டாரின் முன் பக்கத்து ஸ்டிக்கரை நேற்று உரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், வேறு வழி இல்லை. வலது கை படும் இடத்தில் வியர்வை இறங்கி இறங்கி ஓரம் சுருங்கிவிட்டது. இந்த வருஷத்து வெயில் வேறு. பசை கசிந்து, வாசிக்கும்போது கை அப்படியே ஒட்டிக்கொண்டது. எங்கள் பாட்டுக் குழுவை நடத்துகிறவர் போன கச்சேரியிலேயே முகம் சுளித்தார். "அதை உரிச்சுப் போடும்மா, இல்லாட்டி வேற கிட்டார் எடுத்துக்கிட்டு வா" என்றார். நேற்றுச் சாயங்காலம் பள்ளிபாளையத்தில் ரிசப்ஷன். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

முன் பக்கம் போவதில் எனக்கு வருத்தமில்லை. என் பயமெல்லாம் பின் பக்கத்தில் நீங்கள் ஒட்டிய கிளிகள்தான். முன்னால் பிடித்து இழுக்கும்போது பின்னாலிருப்பதும் கூடவே வந்துவிட்டால்? திரும்ப ஒட்ட நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

புதுச்சத்திரத்தில் உங்கள் ஸ்டிக்கர் கடைக்கு நான் முதல்முதலாக வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அப்பா எனக்குப் பழையதாக வாங்கிக் கொடுத்த கிட்டார். வெள்ளைப் பெயின்ட் சொறிசொறியாக உதிர்ந்திருந்தது. பெயின்ட் அடிக்க ஆள் கிடைக்காமல், லாரிக்கு ஒட்டுகிறவர் இதற்கு ஒட்டமாட்டாரா என்று எடுத்து வந்தேன். கடை வாசலில் ஒரு லாரி கதவு இல்லாமல் நின்றது. நீங்கள் கிட்டாரை வாங்கி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முனைகளையும் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, மாட்டுக்கு இருக்கறாப்பல கொம்பு வெச்சிருக்குது" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "ஒட்டுவீங்களா மாட்டீங்களா?" என்றேன்.

"லாரிக்கே ஒட்டறனுங்க, இதுக்கு ஒட்டமாட்டனுங்களா?"

பேச்சுக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

மத்தியானம் எட்டிப் பார்த்தேன். கம்பியெல்லாம் கழற்றி, திருகாணிகளை ஒரு மூடியில் போட்டு வைத்து, குப்புறக் கிடந்த கிட்டாரின் மேல் குனிந்திருந்தீர்கள். நான் வாசலில் நின்றதும் நிமிர்ந்து பார்த்தீர்கள். அவ்வளவுதான், போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் முன் பக்கம் வெறும் நீலம். ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு. அழகாகத்தான் இருந்தது. திருப்பினால்! பச்சைக் கிளிகள் இரண்டு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன, கீழே தாமரை, சுற்றிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு ரேடியம். இறகு இறகாக பிளேடால் வெட்டி எடுத்த வேலை. இத்தனையும் என் வயிற்றுப் பக்கம்.

"யாருங்க இதைப் பாக்கப் போறாங்க? வாசிக்கறப்ப இது எம்மேல சாஞ்சுல்ல இருக்கும்" என்று கத்தினேன்.

நீங்கள் நிஜமாகவே திகைத்துப் போனீர்கள். கிட்டாரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினீர்கள். "வண்டிக்குப் பொறத்தாலதானுங்க அழகு. எதுத்தாப்புல வர்றவன் நொடியில தாண்டிப் போயிருவான். பொறத்தால வர்றவன்தானுங்க பாத்துக்கிட்டே வருவான்" என்றீர்கள். நாமக்கல் லாரியையே பார்த்து வளர்ந்த மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? "உரிச்சு முன்னாடி ஒட்டித் தரட்டுங்களா?" என்று நீங்கள் கேட்ட குரலில் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கிளியின் வால் பக்கத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு காற்றுக்குமிழ் நின்றிருந்தது. உங்கள் கையில் குமிழ் நிற்காது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. லாரியின் முழு நீளத்துக்கும் ஒட்டினாலும் ஒரு குமிழ் இருக்காது. "இது மட்டும் எப்படீங்க?" என்று கேட்டதற்கு, "நீ வந்து வாசல்ல நின்ன பாரு, கை அசந்துபோச்சு அம்மணி" என்றீர்கள். அப்புறம் எத்தனை முறை ஊசியை எடுத்துக்கொண்டு வந்தீர்கள்! தொழிலுக்கு அவமானமாம். நான் கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு தரவே மாட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும், உடுங்க" என்பேன்.

உங்களுக்கு ஓர் ஆசை இருந்தது. கச்சேரிக்கு என்னைப் பைக்கில் கூட்டி வரும்போதெல்லாம் கேட்பீர்கள். "ஒருக்கா திரும்பி நில்லு அம்மணி. பாட்டுக்கு நடுவுல சும்மா இருக்கறயில்ல, அப்ப கிளி வெளிய தெரியறாப்பல கிட்டாரைப் பொரட்டி முதுகுல தள்ளிக்கிட்டு ஒரே ஒருக்கா திரும்பு." மாப்பிள்ளை பெண்ணுக்கும் சபைக்கும் முதுகைக் காட்டி நிற்பதா, நல்லாவா இருக்கும் என்று உங்களை அதட்டுவேன். சரி சரி என்று போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வீர்கள். அடுத்த கச்சேரிக்குப் போகும் வழியில் மறுபடியும் அதே பேச்சு. திருச்செங்கோடு தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடும். இப்போது குழுவின் வேனில் போகிறேன். யாரும் எதுவும் கேட்பதில்லை.

நேற்றுக் காலை உங்கள் மரப்பெட்டியைத் திறந்து, சூடு காட்டுகிற அந்த மெஷினை எடுத்தேன். நீங்கள் கண்மூடியபிறகு முதல் தடவை. பிளக்கில் சொருகினால் உடனே சீறிக்கொண்டு கிளம்பியது. கம்பிகளைக் கழற்றி, கிட்டாரை மடியில் வைத்து, கொம்புப் பக்கம் சூடு காட்டினேன். ஸ்டிக்கர் இளகியது. வாசம் எழும்பியது. கண் மறைத்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அப்புறம் பின்னால் தடவிப் பார்த்தேன். சூட்டுக்காற்று ஓரம் சுற்றிப் பின்னாலும் போய், குமிழ் உப்பியிருந்தது. சூட்டுக்குக் காற்று பெருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெடித்துவிடப் போகிறது என்று மெஷினை அணைத்துவிட்டு, ஈரத்துணியை மடித்து அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வைப்பதுபோலத்தான். மெல்ல மெல்ல அடங்கியது.

அதற்குமேல் சூடு காட்டவில்லை. நகத்தாலேயே நெம்பினேன். அப்போதுதான் ஓரத்தைக் கவனித்தேன். பின் பக்கத்தை முதலில் ஒட்டி, முன் பக்கத்தை அதன்மேல் ஒரு நூல் அளவு ஏற்றி ஒட்டியிருக்கிறீர்கள். லாரிக்காரர்களிடம் சொல்வீர்களே, "முன்னாடி அடிபடுமுங்க, மாத்திக்கிட்டேதான் இருக்கோணும். பொறத்தால ஒட்டறது வண்டி இருக்கற மட்டும் நிக்கோணும்" என்று. நீலம் தனியாகக் கழன்று வந்தது. கிளிகள் அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் அலமாரியில் மிச்சமிருந்த நீலத்தையே நான் வெட்டி ஒட்டினேன். கோடு கொஞ்சம் கோணல்தான். குமிழ்கள் ஏழெட்டு வந்தன, எல்லாவற்றையும் ஊசியால் குத்தினேன். குத்தும்போது நீங்கள் பக்கத்தில் நின்று சிரிப்பது போலிருந்தது.

சாயங்காலம் ரிசப்ஷனில், பாடுகிற பெண் தண்ணீர் குடிக்க நிறுத்தினாள். மாப்பிள்ளை வீட்டார் மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யோசிக்கவில்லை. கம்பிகள் முதுகில் படும்படி கிட்டாரைப் புரட்டித் தள்ளிக்கொண்டு, சபைக்கு முதுகைக் காட்டி நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, என் முன்னால் வெறும் திரைச்சீலைதான். ஆனால் பின்னால் பேச்சு ஒரு கணம் அடங்கியது. விளக்கு வெளிச்சத்தில் ரேடியம் எரிந்திருக்கும். கடைசி வரிசை வரை தெரிந்திருக்கும். கடைசி வரிசையில்தான் நீங்கள் இல்லை. நீங்கள் இருக்கும்போது திரும்பாமல் இப்போது யாருக்காகத் திரும்பினேன் என்று வேனில் வரும்போது என்னையே கேட்டுக்கொண்டேன்.

மேடையை விட்டு இறங்கும்போது ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, லாரி முதலாளிபோல இருந்தார். "ஏனுங்க அம்மணி, அந்தக் கிளி எந்தக் கடையில ஒட்டுனதுங்க?"

"புதுச்சத்திரத்துலங்க. எங்க ஊட்டுக்காரருங்க."

"புது வண்டி ஒண்ணு எடுத்திருக்கறனுங்க. இதே மாதிரி பொறத்தால ஒட்டோணும். அடுத்த வாரம் கொண்டாந்தா முடியுமுங்களான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

நீங்கள் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "கேட்டுச் சொல்றனுங்க" என்று வந்துவிட்டது.

வயிற்றோடு கிட்டாரை அணைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். குமிழ் இருக்கிற இடம் சேலைக்கு மேலேயே தெரிகிறது. ஏனுங்க, அவருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?